குப்பைக்கும் கணக்கு வேண்டும்

ஊராட்சிகள் ஆண்டுதோறும் வகுக்கும் வளர்ச்சித் திட்டங்களை எடுத்துப் பார்ப்போமானால், சுகாதாரம் என்னும் தலைப்பின் கீழ்ச் சில இனங்கள் தவறாமல் இடம் பெற்றிருக்கக் காணலாம். குப்பை அள்ளும் வண்டி வாங்குதல், தெருவுக்குத் தெரு தொட்டி வைத்தல், உரக்குழி கட்டுதல், தரம் பிரிக்கக் கொட்டகை போடுதல், தூய்மைக் காவலருக்குக் கையுறையும் துடைப்பமும் வழங்குதல் ஆகியவையே அவை. இவற்றுள் எதையும் வீண் செலவு என்று சொல்வதற்கில்லை. எனினும் இவை அனைத்தும் குப்பை பிறந்த பிறகு செய்ய வேண்டிய காரியங்கள். அது பிறவாதிருக்கச் செய்வதற்கென்று ஒரு வரியோ ஒரு ரூபாயோ ஒதுக்கப்பட்டிருப்பதை நான் பார்த்த வரையில் காண்பது அரிதாக இருக்கிறது. ஒழுகுகிற கூரையை வேயாமல், ஒழுகும் நீரைப் பிடிக்க மேலும் மேலும் பாத்திரம் வாங்கி அடுக்குகிற குடும்பத்தின் நிலைமைதான் இது.

ஸ்தல ஸ்தாபனங்களின் வேலையைப் பற்றிக் கூட்டுறவு இதழில் எழுதுவானேன் என்று அங்கத்தினர்கள் கேட்கக்கூடும். ஒரு சாதாரணக் கிராமத்தில் மிகப் பெரிய வியாபாரி யார் என்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். உரமும் பூச்சிமருந்தும் விற்பது தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம். அரிசியும் சர்க்கரையும் பருப்பும் பாமாயிலும் வழங்கும் நியாய விலைக் கடைகளுள் பெரும்பாலானவற்றை நடத்துவதும் கூட்டுறவுச் சங்கங்களே. பால் கொள்முதல் செய்வது பால் சங்கம். சேலையும் வேட்டியும் துண்டும் விற்பது நெசவாளர் சங்கம். ஆகவே ஊர்க் குப்பைமேட்டில் போய் விழும் பொருள்களில் ஒரு நல்ல பங்கு நம்முடைய விற்பனைச் சீட்டின் வழியாகவே வெளியேறுகிறது. வாசலிலேயே நின்றுகொண்டிருக்கும் நாம், குப்பை என்பது ஊராட்சிக்காரர் கவலை என்று சொல்லிவிட்டுப் போக இயலாது.

நியாய விலைக் கடையில் இருப்புச் சரிபார்க்கச் செல்லும் கூட்டுறவு ஆய்வாளர் அரிசி மூட்டைகளை எண்ணுவதோடு நிற்பதில்லை. காலிச் சாக்குகளையும் எண்ணுகிறார். எத்தனை மூட்டை வந்தது, எத்தனை செலவாயிற்று, எத்தனை சாக்கு காலியாயிற்று, அவற்றுள் எத்தனை திரும்பிப் போயின என்பதற்குத் தனிப் பதிவேடு உண்டு. ஒரு சாக்குக் குறைந்தாலும் விற்பனையாளர் பதில் சொல்ல வேண்டும். அதன் பயனாகச் சாக்கு தெருவில் கிடப்பதில்லை. சாக்கடையை அடைப்பதும் இல்லை. அதே கடையில் அதே விற்பனையாளர் வழங்கும் பாமாயில் உறைக்கு அத்தகைய கணக்குக் கிடையாது. எண்ணெய் தீர்ந்த மறுகணம் அது யாருக்கும் சொந்தமற்றதாகிவிடுகிறது. சாக்குக்கு விலை உண்டு, உறைக்கு விலை இல்லை என்பதைத் தவிர இவ்விரண்டுக்கும் வேற்றுமை என்ன? கணக்கில் ஏறிய பொருள் குப்பையாவதில்லை என்பது என் தொழில் எனக்குக் கற்பித்த பாடம். ஊராட்சித் திட்டத்துக்கும் இதுவே அடிப்படையாக அமைய வேண்டும் என்பது என் கருத்து.

சட்டத்தின் அதிகாரம் ஊராட்சிக்கு இல்லாமற் போகவில்லை. 1992-இல் பாராளுமன்றத்தில் நிறைவேறி 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தமும், அதையொட்டித் தமிழ்நாட்டில் இயற்றப்பட்ட 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டமும், தங்கள் ஊருக்கு வேண்டிய திட்டத்தைத் தாங்களே வகுத்துக்கொள்ளும் பொறுப்பைக் கிராமங்களிடம் ஒப்படைத்தன. 2016-இல் மத்திய அரசு வெளியிட்ட பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், அதுவரை நகரங்களை மட்டுமே கட்டுப்படுத்தி வந்த கடமையைக் கிராம ஊராட்சிகளுக்கும் விரித்தன. பணம் இல்லை என்பதும் முழுச் சமாதானம் ஆகாது. பதினைந்தாவது நிதிக் குழு 2021-22 முதல் 2025-26 வரையில் ஊரக ஸ்தல ஸ்தாபனங்களுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 விழுக்காட்டைச் சுகாதாரத்துக்கும் குடிநீருக்கும் என்றே கட்டி வைத்தது. இத்தனை இருந்தும், கட்டடமும் வண்டியும் வாங்குவதற்கு அப்பால் சிந்தனை செல்லாமைக்குக் காரணம், கட்டடத்தைப் படம் பிடித்துக் காட்டலாம், பிறக்காத குப்பையைப் படம் பிடிக்க இயலாது என்பதுதானோ என்று சில வேளைகளில் எனக்குத் தோன்றுவதுண்டு.

குப்பையைக் குறைத்தல் வேறு, பிறந்த இடத்திலேயே பக்குவம் செய்தல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்கிறோம். அண்டை மாநிலமாகிய கேரளத்தில் ஆலப்புழை நகரின் வரலாறு இதற்கு நல்ல உதாரணம். அந்நகரத்தின் குப்பை நெடுங்காலமாகப் பக்கத்து ஊராட்சியிலுள்ள சர்வோதயபுரம் என்னும் இடத்தில் கொட்டப்பட்டு வந்தது. 2012-இல் அவ்வூர் மக்கள் லாரிகளை மறித்து நிறுத்தினார்கள். நகரத்துத் தெருக்களில் குப்பை மலைபோல் குவிந்தது. வேறு வழியின்றி நகராட்சி வீட்டுக்கு வீடு குழாய் உரமும் சாண எரிவாயுக் கலம் போன்ற சிறு கலங்களும் அமைக்க உதவி செய்து, மட்கும் குப்பை வீட்டை விட்டு வெளியே வராதபடி செய்தது. 2017-இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பு பாராட்டிய நகரங்களின் வரிசையில் ஆலப்புழையும் இடம் பெற்றது. போற்றத்தக்க காரியந்தான். எனினும் அது பெரும்பாலும் பக்குவம் செய்யும் திட்டமே. வாழைத்தோலையும் சோற்றையும் உரமாக்க முடியும். ஷாம்பு உறையை எந்தக் குழியிலிட்டாலும் உரமாகாது. மட்காததைப் பொறுத்த வரையில் வாங்காமலிருப்பதும், திரும்பக் கொடுப்பதும், மீண்டும் பயன்படுத்துவதுமே வழிகள்.

மற்றொன்றையும் ஆலப்புழை நமக்குக் கற்பிக்கிறது. ஓர் ஊரின் குப்பை எப்போதும் மற்றோர் ஊரின் தலையிலேயே போய் விழுகிறது. அதே மாநிலத்தில் கொச்சிக்கு அருகே பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு 2023 மார்ச் மாதத்தில் தீப்பற்றிப் பல நாள் புகைந்து, நகரத்தையே மூச்சுத் திணறச் செய்தது. 2024 டிசம்பரில் கேரளத்து மருத்துவக் கழிவுகள் நம் திருநெல்வேலி மாவட்டத்துக் கிராமங்களில் கொட்டப்பட்டிருந்தது வெளியாகி, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்ட பின்னர் லாரிகளில் ஏற்றித் திருப்பி எடுத்துச் செல்லப்பட்டது. இதைக் குறித்து நாம் கோபப்பட்டது நியாயமே. அத்துடன், நம் பேரூராட்சிகளும் நகராட்சிகளும் தங்கள் குப்பையை எந்தக் கிராமத்துப் புறம்போக்கில் கொட்டுகின்றன என்பதையும் சற்று விசாரித்துப் பார்க்கலாம்.

நெசவாளரும் விவசாயிகளும் சேர்ந்து படிக்கும் இதழ் இது. அவ்விரு சாராரையும் எதிரெதிரே நிறுத்திய ஒரு கழிவின் கதையை இங்கே சொல்லாமல் விடுவது சரியன்று. நொய்யல் ஆற்றின் குறுக்கே பாசனத்துக்கெனக் கட்டப்பட்டு 1992-இல் பயனுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளுக்குள் திருப்பூர்ச் சாயநீரின் தேக்கமாக மாறிற்று. தண்ணீர் வேண்டும் என்று கேட்க வேண்டிய விவசாயிகளே அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று முறையிடும் விபரீதம் நேர்ந்தது. வழக்குகள் நடந்தன. கடைசியில் 2011 ஜனவரியில், கழிவுநீர் சிறிதும் வெளியேறாத நிலையை எட்டும் வரை சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அங்கே வேலையிழந்தவர்களும் உழைப்பாளிகள். இங்கே நிலம் கெட்டவர்களும் உழைப்பாளிகள். உப்பும் சாயமும் எவ்வளவு செலவாகின்றன, எவ்வளவு நீரில் கலந்து போகின்றன என்று பட்டறையிலேயே கணக்குப் பார்த்துக் குறைத்திருக்கக்கூடிய காலத்தில் யாரும் பார்க்கவில்லை. பிறகு பார்த்தபோது நீதிமன்றம் பார்த்தது. பனியன் தொழிலின் கதைதானே, கைத்தறிக்கென்ன என்று நம் சங்கங்கள் இருந்துவிடலாகாது. சாயமிடும் நம் கொட்டகைகளுக்குப் பின்னாலும் கால்வாய்கள் ஓடுகின்றன.

இனிப் பிளாஸ்டிக்குக்கு வருவோம். ஒரு முறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழ்நாடு அரசு 2018 ஜூனில் அறிவித்து, 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. கைப்பை எவ்வளவு தடிப்பானதாயினும் தடைக்கு உட்பட்டது. மெழுகு பூசியது போலத் தோன்றினாலும் உண்மையில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பைகளும் அப்பட்டியலில் உண்டு. நம் நெசவாளர்கள் கவனிக்க வேண்டிய பொருள் ஒன்றும் அதில் இருக்கிறது. துணி போலவே தோற்றமளிக்கும், தறியையே காணாத, நெய்யாத பை அது. ஜவுளிக் கடைகளில் சேலையை இட்டுக் கொடுத்து வந்தது பெரும்பாலும் இந்தப் பைதான். கைத்தறிச் சேலையை நெய்யாத பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுப்பதைக் காட்டிலும் நெசவாளனுக்குச் செய்யும் பரிகாசம் வேறு இருக்க முடியுமா?

தடை வந்தும் அப்பொருள்கள் கடைத்தெருவில் முற்றிலும் மறைந்துவிடவில்லை என்பது கண்கூடு. அபராதம் விதித்த மறுவாரம் பைகள் மீண்டும் தலைகாட்டுகின்றன. வாங்குகிறவன் வெறுங்கையோடு வருகிறான். விற்கிறவன் பை இல்லையென்றால் வியாபாரம் பக்கத்துக் கடைக்குப் போய்விடும் என்று அஞ்சுகிறான். தண்டனை ஒன்றே இதை மாற்றாது என்பதை உணர்ந்தே 2021 டிசம்பரில் மாநில அரசு மீண்டும் மஞ்சப்பை என்னும் இயக்கத்தைத் தொடங்கிற்று. பத்து ரூபாய் நாணயம் இட்டால் துணிப்பை வழங்கும் இயந்திரங்களும் சில இடங்களில் நிறுவப்பட்டன.

மஞ்சப்பை நெசவாளருக்கு வாழ்வு தரும் என்று மேடைகளில் பேசுகிறார்கள். இதில் எனக்குச் சற்று ஐயம் உண்டு. மலிவான மஞ்சப்பைக்கு வேண்டிய துணி விசைத்தறியில் ஓடுவது. கைத்தறிக் கூலி கொடுத்து அந்த விலைக்குப் பை தைக்க முடியாது. மேலும், கல்யாணத்துக்கு ஒரு பை, கடைதோறும் ஒரு பை, கூட்டத்துக்கு ஒரு பை என்று இலவசமாக வாரி வழங்கினால் துணிப்பையும் குப்பையே. பருத்தி விளைவிக்கத் தண்ணீர் செலவாகிறது; நூற்கவும் நெய்யவும் உழைப்புச் செலவாகிறது. பத்து முறை கூடக் கடைக்குப் போகாத துணிப்பையால் நாட்டுக்கு லாபம் உண்டென்று நான் கருதவில்லை. நம் தாய்மார்கள் ஒரே பையை ஆண்டுக்கணக்கில் துவைத்துத் துவைத்துக் கொண்டுபோன வழக்கத்தை மீட்பதே காரியம். அதற்குப் பை கெட்டியாக இருக்க வேண்டும். விலை கொடுத்து வாங்கியதாகவும் இருக்க வேண்டும். நம் நெசவாளர் சங்கங்கள் செய்யத் தகுந்தது, பாவின் கடைசியில் நிற்கும் துண்டுத் துணியையும், குறைபாடு காரணமாகத் தள்ளுபடியாகும் துணியையும் கெட்டிப் பைகளாகத் தைத்து, அங்கத்தினர் பெயரிலேயே பற்று எழுதிக் கொடுப்பதாகும். தைக்கும் கூலி ஊரிலேயே தங்கும்.

சேலை உறையைப் பற்றி ஒரு நெசவாளர் சங்கத்தின் காரியதரிசியோடு எனக்கு நீண்ட வாக்குவாதம் நடந்தது. அவர் அனுபவசாலி. “ஸார், மழைக்காலத்தில் அலமாரியில் ஈரம் ஏறுகிறது. உறை இல்லாவிட்டால் மடிப்பில் அழுக்குப் படிகிறது. வாங்க வருகிறவர்கள் பத்துச் சேலையைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒன்றை வாங்குவார்கள். அழுக்கான ஒன்பதை நான் யார் தலையில் கட்டுவது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. பிளாஸ்டிக் ஒழிக என்று எழுதுகிற நம்மைப் போன்றவர்கள் இத்தகைய கேள்விக்கு விடை சொல்லாமல் நழுவிவிடுவதனாலேயே விற்பனையாளர்கள் நம் பேச்சை மதிப்பதில்லை. விசாரித்துப் பார்த்ததில், பிரச்சினை கடை அலமாரியில் வைத்திருக்கும் காலத்துக்கே உரியது என்று தெரிந்தது. அலமாரியில் உறை இருக்கட்டும். விற்றவுடன் சேலையை உருவிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்து, உறையை அடுத்த சேலைக்கு வைத்துக்கொள்ளலாம் அல்லவா? ஓர் உறை பல சேலைகளுக்கு உழைக்கும். பட்டுச் சேலையைப் பிளாஸ்டிக் உறையில் நெடுநாள் மூடி வைத்தால் சரிகை கறுக்கும், மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி வைப்பதே நல்லது என்பதை நம் வீட்டுப் பெண்களே அறிவார்கள். ஆகவே பட்டுக்கு உறையை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது உதவியுமன்று. காரியதரிசி முழுமனத்தோடு ஒப்புக்கொள்ளவில்லை. பரிசு கொடுக்க வாங்குகிறவர்கள் பளபளப்பான உறையைக் கேட்பார்கள் என்றார். கேட்கிறவர்களுக்கு விலை வைத்துக் கொடுங்கள் என்றேன். ஆறு மாதம் செய்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

திரும்பக் கொடுத்தலுக்கு அண்மைக்கால உதாரணம் வேண்டுமானால் நீலகிரியைப் பார்க்க வேண்டும். மலைக்காடுகளில் உடைந்த மதுப்புட்டிகள் வனவிலங்குகளின் கால்களைக் கிழிப்பதைக் கண்டு சென்னை உயர் நீதிமன்றம் வற்புறுத்தியதன் பேரில், 2022 மே மாதத்தில் அம்மாவட்டத்து மதுக்கடைகளில் புட்டி ஒன்றுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைக் கொண்டுவந்தால் அதைத் திருப்பித் தரும் முறை ஏற்பட்டது. புட்டிகளில் மிகப் பெரும் பகுதி கடைக்கே திரும்பிற்று. பின்னர் வேறு மாவட்டங்களுக்கும் முறை விரிந்தது. கூட்டுறவு இதழில் மதுக்கடையை உதாரணம் காட்ட நேர்ந்தமைக்கு வாசகர்கள் மன்னிக்க வேண்டும். ஆனால் பத்து ரூபாயின் வல்லமை குடிப்பவனிடத்திலேயே இவ்வளவு இருக்குமானால், சிக்கனமான நம் அங்கத்தினரிடத்தில் எவ்வளவு இருக்கும்! கோலி சோடாப் புட்டியை எந்தக் காலத்தில் யார் தெருவில் எறிந்தார்கள்?

பூச்சிமருந்துப் புட்டிக்கு இம்முறையை நம் சங்கங்கள் உடனே கைக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வயல் வரப்பிலும் வாய்க்கால் மடையிலும் இவை கிடப்பதைக் காணாத விவசாயி இல்லை. குழந்தைகள் எடுத்து விளையாடுகிறார்கள். சில வீடுகளில் கழுவி மண்ணெண்ணெய் ஊற்றி வைக்கிறார்கள். சிலர் யோசனை சொல்லக்கூடும்: சங்கமே பெரிய பீப்பாயில் மருந்து தருவித்து, அங்கத்தினர் கொண்டுவரும் புட்டியில் அளந்து ஊற்றினால் என்ன என்று. அது கூடாது. உரிமமின்றி மருந்தைப் பிரித்து அடைப்பது 1968-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி குற்றம். பெயர்ச்சீட்டு இல்லாத புட்டியில் விஷத்தை வைப்பது உயிருக்கு ஆபத்தும் ஆகும். எண்ணெய்க்கும் இத்தகைய தடை உண்டு. கலப்படத்தைத் தடுக்கும் பொருட்டுச் சமையல் எண்ணெயைச் சில்லறையாக ஊற்றி விற்பதை 2011-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் கட்டுப்படுத்தின. எனவே எல்லாவற்றுக்கும் பாத்திரம் கொண்டுவரச் சொல்ல முடியாது. எதை அளந்து விற்கலாம், எதைத் திரும்பப் பெறவே கூடும் என்று பிரித்தறிய வேண்டும். அரிசி, பருப்பு, சர்க்கரை, பால் சங்கத்தின் உள்ளூர்ப் பால் விற்பனை ஆகியன முதல் வகை. மருந்துப் புட்டி இரண்டாம் வகை. அதை வயலிலேயே மூன்று முறை அலசி, அலசிய நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி, புட்டியைத் துளையிட்டுச் சங்கத்தில் ஒப்படைத்தால் முன்பணம் திரும்பும் என்று கமிட்டி தீர்மானிக்கலாம். ஒப்படைத்தவை பூட்டிய அறையில் இருக்க வேண்டும். தயாரிப்பாளர்கள் தங்கள் பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் பொறுப்பு 2016 விதிகளிலேயே உண்டு. 2022 பிப்ரவரியில் வந்த திருத்தம் அப்பொறுப்பை விரிவான வழிமுறைகளோடு வரையறுத்தது. தனி விவசாயி கம்பெனிக்குக் கடிதம் எழுதினால் பதில் வராது. ஒரு வட்டாரத்துச் சங்கங்கள் சேர்ந்து, நூற்றுக்கணக்கான புட்டிகள் எங்களிடம் இருக்கின்றன, வந்து எடுத்துச் செல்க, இல்லையேல் அடுத்த பருவத்துக்கு வேறு கம்பெனியின் சரக்கைத் தருவிப்போம் என்று எழுதினால் பதில் வரும். கூட்டுறவின் பலம் வேறு எதற்கு?

ஊராட்சியின் நேரடி அதிகாரத்தில் இருப்பது சமுதாயக் கூடம். ஐந்நூறு பேர் வரும் ஒரு கல்யாணத்தில் ஆளுக்கு ஒரு சிறு தண்ணீர்ப் புட்டியும் இரண்டு காகிதக் கோப்பையும் என்று வைத்துக்கொண்டால், ஒரே நாளில் ஐந்நூறு புட்டியும் ஆயிரம் கோப்பையும் கூடத்தின் பின்புறம் குவியும். ஒரு முகூர்த்த மாதத்தில் எட்டுக் கல்யாணம் நடந்தால் என்ன ஆகும் என்பதை வாசகர்களே பெருக்கிக்கொள்ளலாம். முன்பெல்லாம் ஊருக்குப் பொதுவாக அண்டாவும் குண்டானும் தவலையும் கோயிலிலோ ஊர்ப் பெரியதனக்காரர் வீட்டிலோ இருந்தன. விசேஷ வீட்டார் எண்ணி வாங்கிப்போய், துலக்கி எண்ணித் திருப்பிக் கொடுத்தார்கள். அதே வழக்கத்தைச் சங்கம் மேற்கொள்ளட்டும். பொதுநல நிதியிலிருந்து எவர்சில்வர் தம்ளர்களையும் தண்ணீர்ப் பீப்பாய்களையும் வாங்கி வாடகைக்கு விடலாம். கூடத்தை வாடகைக்கு எடுப்போர் இவற்றையே பயன்படுத்த வேண்டும் என்று ஊராட்சி நிபந்தனை விதிக்கலாம். கோடையில் குடிக்கவே நீர் இல்லை, ஆயிரம் தம்ளர் கழுவ எங்கே போவது என்று கேட்பார்கள். சாப்பாடு வாழையிலையில் நடக்கட்டும். இலை மாட்டுக்குப் போகும். தம்ளர் மட்டும் கழுவ வேண்டுமானால் ஆகும் நீர் அதிகமில்லை. கழுவும் கூலி உள்ளூர் மகளிர் குழுவுக்குச் சேரும்.

இத்தனையையும் திட்டமாக எழுதுமுன் முதற்காரியம் எடை போடுதல். தெருவுக்குச் சில வீடுகளாக முப்பது வீடுகளைத் தேர்ந்து, ஏழு நாள் குப்பையைத் தனியே வாங்கி, மட்குவது, பழைய இரும்புக் கடைக்காரர் எடுப்பது, யாரும் எடுக்காதது, விஷமுள்ளது என்று பிரித்து நிறுத்துப் பார்க்க வேண்டும். தராசு நம் நியாய விலைக் கடையில் இருக்கிறது. யாரும் எடுக்காத குவியலில் எந்தக் கடையின், எந்தக் கம்பெனியின், எந்தப் பொருளின் உறைகள் மிகுதி என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். இதில் தூய்மைக் காவலர்களைக் கலந்துகொள்ளாமல் எழுதும் எந்தத் திட்டமும் காகிதத்தோடு நின்றுவிடும். எந்தத் தெருவில் எது வருகிறது என்பது ஊராட்சிச் செயலரைக் காட்டிலும் அவர்களுக்கே தெரியும். உடைந்த கண்ணாடியும் ஊசியும் குத்துவது அவர்கள் கையில்தான். பழைய பொருள்களைப் பொறுக்கி விற்று ஜீவனம் செய்யும் ஏழைகளும் நம் ஊர்களில் உண்டு. குப்பை குறைந்தால் அவர்கள் வருமானம் குறையாதா என்பது புறக்கணிக்கத் தக்க கேள்வியன்று. அதனாலேயே, விலை போகும் இரும்பையும் அட்டையையும் விட்டுவிட்டு, ஒரு காசுக்கும் பெறாத பல அடுக்குச் சிறு உறைகளிலிருந்து குறைப்பைத் தொடங்க வேண்டும் என்று சொல்கிறேன். அவற்றை ஒழித்தால் யாருடைய வயிற்றிலும் அடிப்பதாகாது.

தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாட்கள் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை. நம் அங்கத்தினர்களில் பலர் சங்கப் பொதுக்குழுவுக்குத் தவறாமல் வந்து பங்கு ஈவைப் பற்றி வாதாடுகிறார்கள். கிராம சபைக்குப் போவதில்லை. தலைவர் இருக்கும் ஊராயினும் தனி அலுவலர் பொறுப்பிலுள்ள ஊராயினும், அடுத்த சபையில் சங்கத்தின் சார்பில் எழுத்து மூலம் ஒரு தீர்மானம் கொண்டுவர வேண்டும். வரும் ஆண்டுத் திட்டத்தில் குப்பைக் குறைப்புக்கெனத் தனி இனம் ஒன்று சேர்க்கப்பட வேண்டும் என்றும், ஆண்டு முடிவில் எத்தனை கிலோ குறைந்தது என்று சபையில் படித்துக் காட்ட வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தால் போதும். அதற்கு முன் சங்கக் கமிட்டி தன் கடையில் செய்யப் போகும் மாறுதலைத் தானே தீர்மானித்து நகலை இணைப்பது அவசியம். உங்கள் கடையில் என்ன செய்திருக்கிறீர்கள் என்றுதான் சபையில் முதலில் கேட்பார்கள். முப்பது வீட்டு எடை விவரத்தையும் கூடவே வைத்தால், அதை ஒதுக்கித் தள்ளுவது எந்த அலுவலருக்கும் எளிதாக இராது.